அத்தைக்குக் கிடைத்த கைதட்டல்

எவர்சில்வர் தொட்டிக்குள் தங்க வளையல் விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சமையலறை. அத்தை அரிசி களைந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்குப் போட்ட வளையல் அது. சதைக்குள் புதைந்துபோய், சோப்புப் போட்டு இழுத்தாலும் வராது. வெட்டித்தான் எடுக்கவேண்டும் என்று நகைக்கடைக்காரரே கைவிரித்துவிட்டார். அது தானாகக் கழன்று விழுந்தது. அத்தை அதை எடுக்கவில்லை. குழாய்த் தண்ணீர் ஓட ஓட, வெறும் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. மாமா போனபிறகு எங்களோடு இருந்தார். கனத்த உடம்பு. "நான் ஏறுனா லிஃப்டுக்கே மூச்சு வாங்குதுலா" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கிளினிக்கில் மட்டும் அந்தச் சிரிப்பு வராது. முட்டிவலி என்று போனாலும் எடை, இருமல் என்று போனாலும் எடை. எறும்பு கடித்தது என்று போயிருந்தாலும் எடையைத்தான் காரணம் சொல்லியிருப்பார்கள். "கொஞ்சமாத்தான் சாப்பிடுறேன் டாக்டர்" என்பார் அத்தை. டாக்டர் நிமிராமல் தலையாட்டுவார். நம்பவில்லை என்பதற்கான தலையாட்டல் அது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. எடைக்கருவி காத்திருப்பவர்களுக்கு நடுவில்தான் இருக்கும். யாருக்காவது எடை இறங்கியிருந்தால் தாதி கைதட்டுவார். உட்கார்ந்திருப்பவர்களும் சேர்ந்து தட்டுவார்கள். உற்சாகப்படுத்தத்தான், கெட்ட எண்ணமில்லை. ஆனால் அத்தை ஏறி இறங்கும்போதெல்லாம் மேலே சுழலும் காற்றாடிச் சத்தம் மட்டுமே கேட்கும். தனக்கும் ஒருநாள் தட்டவேண்டும் என்ற ஆசையில், எடை குறைந்தால் பால்குடம் எடுக்கிறேன் என்று தண்ணீர்மலை முருகனுக்கு வேண்டிக்கொண்டார்.

எடை இறங்கியது. கிளினிக்கே கைதட்டியது. அத்தை புதுப்பெண் மாதிரி வெட்கப்பட்டார். அடுத்தமுறை இன்னும் பலமாகத் தட்டினார்கள். தைப்பூசத்தில் பால்குடத்தோடு படியேறியவரைப் பார்த்துச் சொந்தக்காரர்கள், "முருகன் கண்ணத் தொறந்துட்டான்கா!" என்று பூரித்தார்கள்.

வீட்டில்தான் எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. முன்பெல்லாம் அத்தை வருவது மூன்று அறை தள்ளிக் கேட்கும். இப்போது சத்தமே இல்லை. திரும்பினால் பின்னால் நிற்பார். உடம்பு தூக்கிவாரிப் போடும். அவருடைய பிரம்பு நாற்காலியில் பழைய பள்ளம் அப்படியே இருந்தது. அதில் உட்கார்ந்தால் வேறு யாருடைய இடத்திலோ உட்கார்ந்ததுபோல் இருப்பார். வளையல் விழுந்த அன்று மெல்லச் சொன்னார்: "யாரோ என்னைக் கொஞ்சங் கொஞ்சமா எடுத்துட்டுப் போறாங்கம்மா."

மறுநாளே அவரைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். எடைக்கருவியின் முள் வெகுவாக இறங்கியிருந்தது. எல்லாரும் தட்டினார்கள். அத்தை கருவியைவிட்டு இறங்காமல், தட்டுகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். உள்ளே போய், "நான் ஒன்னும் கொறைக்கல டாக்டர். நல்லாத்தான் சாப்பிடுறேன். தானா போகுதுலா" என்றார். "ரொம்ப அடக்கம் ஆன்ட்டி. இப்படியே போங்க" என்று டாக்டர் சிரித்தார்.

கொஞ்சம் சாப்பிடுகிறேன் என்றபோதும் நம்பவில்லை, நிறையச் சாப்பிடுகிறேன் என்றபோதும் நம்பவில்லை. முள்ளைத்தான் நம்பினார்கள். கண் மஞ்சளாகிப் பெரிய மருத்துவமனைக்குப் போனபோது, கணையத்தில் கட்டி முற்றியிருந்தது. அடுத்த தைப்பூசத்துக்கு அத்தை இல்லை. அந்த டாக்டர் நல்ல மனிதர்தான். இருந்தும் என் ஆத்திரம் ஆறவில்லை.

வளையல் இப்போது என் கையில். சோப்புப் போட்டுத்தான் ஏறியது. எனக்கும் அத்தையின் உடல்வாகுதான். என்னையும் எடையைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். தினமும் நடக்கிறேன், சோற்றைக் குறைத்திருக்கிறேன். போன வாரம் வேறொரு கிளினிக்கில் எடை பார்த்தேன். "எறங்கிருச்சிக்கா!" என்று சின்ன வயதுத் தாதி கைதட்டினாள். என் கை தானாக வளையலுக்குப் போனது. இழுத்துப் பார்த்தேன். சோப்பு இல்லாமலே கழன்று வந்துவிட்டது.

"தட்டாதம்மா. ஏன் எறங்குச்சின்னு மொதல்ல கேளு" என்றேன்.

அவள் கைகளைக் கீழே இறக்கினாள். "ஏன்கா எறங்குச்சி?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். அத்தையிடம் யாருமே கேட்காத கேள்வி. எனக்குப் பதில் தெரியும். ஆனாலும் வாயைத் திறப்பதற்கு முன், பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.