மல்லாட்டைக் கிடங்கில் அக்கா கட்டிய பாட்டு

பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸுக்குப் பின்னால் கரியடுப்பைக் கட்டி ஓட்டினார்களே, அந்தச் சண்டைக்காலம். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போய்ச் சேர்வதற்குள் சட்டையெல்லாம் புகைநாற்றம் அடிக்கும். மேடு ஏறாமல் நின்றுவிட்டால் இறங்கித் தள்ளவும் வேண்டும். அது கிடக்கட்டும். சொல்ல வந்தது என் அக்காவைப் பற்றி.

அக்காவைக் கட்டிய மாமா பினாங்குக்குப் பிழைக்கப் போனவர். ஜப்பான்காரன் அங்கே வந்த பிறகு ஒரு சேதியும் இல்லை. அக்கா வீட்டில் பேசுவதையே விட்டுவிட்டாள். ஆனால் திண்டிவனத்து மல்லாட்டைக் கிடங்கில் மற்ற பெண்களோடு உட்கார்ந்து தோலுடைக்கும்போது மட்டும், குனிந்த தலை நிமிராமல் பாட்டுக் கட்டுவாள். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். நான் அங்கேதான் மூட்டை தூக்கினேன்.

"மேஸ்திரி கொடையில ஓட்ட,
வெயிலு பூந்து சுடுது மண்ட,
ஒடைடி பொண்ணே மல்லாட்ட."

மேஸ்திரியே சிரித்துவிடுவார். நேற்றுப் பாடியதை இன்று கேட்டால் அவளுக்கே நினைவிருக்காது. அந்த நேரத்தில்தான் அவள் உயிரோடு இருப்பதாக எனக்குத் தோன்றும்.

ஒருநாள் மூட்டை அடுக்குக்குப் பின்னால் நின்று முதலாளி கேட்டுவிட்டார். நல்ல மனுஷர். அவர் மகளுக்குக் காதுகுத்து. பட்டணத்துச் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள்.

"அந்தப் பொண்ண வூட்டாண்ட கூட்டிக்கினு வாய்யா. நாலு பேரு கேக்கட்டும்" என்று மேஸ்திரியிடம் சொன்னார்.

அக்கா அவர்கள் கொடுத்த புதுப்புடவையைக் கட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தாள். "பாடும்மா, கூச்சப்படாத" என்றார் முதலாளி. அவள் கை மட்டும் மடியில் தோலுடைப்பதுபோல் அசைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்த முதலாளியம்மா ஒரு தட்டு மல்லாட்டை கொண்டுவந்து வைத்தார். அக்கா அத்தனையும் உடைத்தாள். ஒரு சொல்லும் வரவில்லை. வந்தவர்கள் பருப்பைத் தின்றுவிட்டு எழுந்து போனார்கள்.

மறுநாள் கிடங்கில், "பாட்டுக்கார அம்மா வர்றாங்க, நவுந்து குந்துங்கடி" என்று ஒருத்தி கிண்டலடித்தாள். அக்காவும் சிரித்துக்கொண்டே ஏதோ ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தி, மூட்டை அடுக்கைத் திரும்பிப் பார்த்தாள்.

"அங்க யாரும் இல்லக்கா, பாடு" என்றேன்.

"வர்லடா. கேக்கறாங்கன்னு தெரிஞ்சிபோச்சில்ல."

அப்புறம் அவள் பாடவே இல்லை. மாமாவும் வரவில்லை. சாகும்வரை தோலுடைக்கும் சத்தம் மட்டும்தான் அவளிடமிருந்து கேட்டது.

வேலை செய்துகொண்டே தனக்குள் முணுமுணுக்கிற யாரையாவது பார்த்தால், வழியில் போகிறவர்களை நின்று கேட்காமல் நடந்துவிடச் சொல்லுங்கள். யாரும் நடக்கப்போவதில்லை, நல்ல மனுஷர்கள் நின்றுதான் கேட்பார்கள். இருந்தாலும் நாலு பேரிடம் சொல்லி வையுங்கள்.