குங்குமம் வைத்த மண்டையோடு

கண்டியிலிருந்து மாத்தளை இரயிலில் ஏறி உக்குவளையில் இறங்கியபோது காலை எட்டரை. நான் திருகோணமலைக்காரன், கடலைப் பார்த்தே வளர்ந்தவன். கடலே இல்லாத மாத்தளை மாவட்டத்தில், ஒரு கராம்புத் தோட்டத்துக்குள் கடற்கொள்ளையன் கல்லறை இருக்கிறது என்று நண்பர் சொன்ன நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நிலைய வாசலில் ஓர் ஆட்டோ நின்றது; ஓட்டுநரை எல்லோரும் ரிஸ்வான் நானா, அதாவது அண்ணன், என்றே அழைத்தார்கள். போய்வர இரண்டாயிரம் ரூபாய் என்றார். இடத்தைச் சொன்னதும் திரும்பிப் பார்த்தார்.

"மண்டையோட்டுக் கல்லா சேர்? கப்பல்காரன்ட தங்கம் உள்ளுக்கு இருக்காம். போன வருசம் தோண்டவும் வந்தானுங்க."

தார் ரோட்டில் பாதி, கல் ரோட்டில் மீதி. பத்து மணிக்கு முன்பே தோட்டத்து மயானத்தில் நின்றேன். பெயர் தேய்ந்துபோன வெள்ளைக்காரர் கல்லறை. கல்லில் ஒரு மண்டையோடு, அதன் கீழ் குறுக்காக இரண்டு எலும்புகள். கொள்ளையர் கொடியில் பறக்கும் அதே சின்னம். ஆனால் நெற்றியில் சந்தனமும் குங்குமமும். முன்னால் பாதி எரிந்த சுருட்டு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதீங்க சேர், தொர கோவிச்சுக்குவாரு" என்றது ஒரு குரல். கராம்பு பறிக்கும் மாரியாயி, இடுப்பில் கூடையோடு நின்றார். "மரம் ஏற முன்னாடி தொரகிட்ட சொல்லிட்டுத்தான் ஏறுவோம். இதுவரைக்கும் எங்காளுங்க யாரும் விழுந்ததில்ல."

அடுத்து அவர் கைகாட்டிய பக்கம் பார்த்தேன். மின்கம்பத்தில் அபாயம் என்று அடித்திருந்த தகட்டிலும் மண்டையோடு. அதற்கும் பொட்டு.

"அது கரண்டுக்காரங்க போட்டது அம்மா."

"யாரு போட்டா என்ன? தொர இப்ப கரண்டுக்கும் காவலு. புள்ளைங்க யாரும் அங்கிட்டுப் போறதில்ல."

தகடு எதற்காக அடிக்கப்பட்டதோ அந்த வேலை ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

முன்பின் தெரியாத என்னைத் தொழிலாளர் லயத்தில் இருந்த தன் வீட்டுக்கு அழைத்துப்போய் சூடாக ரொட்டி சுட்டு, காரமான கட்டைச் சம்பலோடு பால் விடாத பிளேன்டீயும் கொடுத்தார். அந்தக் காலைப் பசிக்கு அது அமிர்தம். ஊர் சுற்றி எழுதுகிறவன் நான் என்றேன். பதிலுக்கு என்னிடம் இருந்தது கதை மட்டுமே, அதைச் சொன்னேன்.

சிலுவைப் போருக்குப் போன வீரன் ஒருவன், செத்துப்போன காதலியின் கல்லறையைத் தோண்டினானாம். கால் எலும்புகள் குறுக்காகக் கிடக்க, மேலே தலை. 'இதை வைத்திரு, நல்லதெல்லாம் வரும்' என்றதாம் ஒரு குரல். பிற்பாடு அரசன் அந்த வீரன் சேர்ந்திருந்த கூட்டத்தையே கலைத்தபோது, மிஞ்சியவர்கள் கப்பலேறிக் கொள்ளையர்களாகி, அந்தத் தலையைக் கொடியில் ஏற்றினார்களாம். படித்தவர்கள் இதை ஒப்புவதில்லை. சாவை நினைவூட்டக் கல்லறைகளில் செதுக்கிய பழைய அடையாளம்தான் என்பார்கள். எனக்கோ கதையைத்தான் பிடிக்கும்.

மாரியாயி என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் பிளேன்டீ ஊற்றினார்.

"அப்ப குழியத் தோண்டுனவன்தான் கொள்ளக்காரனா ஆயிருக்கான்" என்றார்.

பிறகு என்னை மறுபடி மயானத்துக்குக் கூட்டிப்போனார். வெள்ளைக்காரர் கல்லறையை ஒட்டி, மண் இன்னும் இறுகாத ஒரு மேடு இருந்தது. சற்று முன் அதன்மேல்தான் என் பையை வைத்துவிட்டுப் படம் எடுத்திருந்தேன்; பை இன்னும் அங்கேயே கிடந்தது.

"இது எங்க வீட்டுக்காரரு. தொரயத் தோண்ட வந்தவனுங்க இருட்டுல இவரத் தோண்டிட்டானுங்க. எல்லாத்தையும் பொறுக்கி மறுபடி நாந்தான் பொதச்சேன். கொள்ளக்காரன் கல்லறன்னு எடத்தோட நீங்க எழுதினா, திரும்பவும் வருவானுங்க சேர்."

பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். இடத்தை எழுத மாட்டேன் என்றேன். சத்தியம் எதுவும் அவர் கேட்கவில்லை. புறப்படும்போது ஒரு பொட்டலம் கராம்பு தந்தார்.

"கொள்ளக்காரன்தானா சேர்?" என்று வழியில் கேட்டார் ரிஸ்வான் நானா.

"வெறும் எலும்பு, நானா. யார் கேட்டாலும் அப்படியே சொல்லுங்கள்."

"அல்ஹம்துலில்லாஹ். அந்த அம்மா இனி நிம்மதியா இருக்கட்டும்."

மலையும் வழியும் தெரியும் படங்களை இரயிலிலேயே அழித்தேன். குங்குமம் வைத்த அந்த நெற்றி மட்டும் கைபேசியில் இருக்கிறது. திருகோணமலையில் இன்றைக்கும் தேநீரில் மாரியாயியின் கராம்பு ஒன்றைத் தட்டிப் போட்டுத்தான் இதை எழுதுகிறேன். அந்த ரொட்டிக்கும் நம்பிக்கைக்கும் நான் செய்யக்கூடிய நன்றி ஒன்றுதான். உக்குவளை வரை வழி சொல்லிவிட்டேன், அதற்கு மேல் கேட்காதீர்கள். அவர் வீட்டுக்காரர் தூங்கட்டும்.