காப்பித்தோல் நாற்றம்

குழந்தைகளே, காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் எங்கள் ஏற்காட்டு எஸ்டேட்டில் உரித்துப்போட்ட தோல் புளித்து நாறும். இரண்டு நாளில் மூக்கு அதற்குப் பழகிவிடும். அதனால்தான் எங்கள் மாடிக் குடியிருப்பில் கேஸ் கசிந்தது யாருக்கும் உறைக்கவில்லை.

கீழ்வீட்டு சரசக்கா சேலத்திலிருந்து அன்றுதான் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார். விறுவிறுவென்று மாடியேறி எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“ஏனுங்க தம்பி, இது தோல் நாத்தமில்லீங்க, கேஸுங்க! வெளிய வாங்க!”

நான் சிரித்தேன். “சேலம் போய்ட்டு வந்தா நம்மூரு நாறுதுங்களாக்கா?”

“நக்கலெல்லாம் பொறவு பண்ணுங்க சாமி!”

தூங்கிக்கொண்டிருந்த என் மகளைத் தூக்கிக்கொண்டு அவரே படியிறங்கினார். நானும் மனைவியும் பின்னால் ஓடினோம். வாசலில் குழந்தையை என்னிடம் கொடுத்தார்.

“மாடியில உங்க பக்கத்தூட்டுப் பெரியவருக்குக் காது கேக்காதுங்களே, கூட்டியாறேன்” என்று திரும்பி ஓடினார்.

அவர் மாடிக்குப் போனதும் வெடித்தது. மாடிச் சுவர் மொத்தமும் சரிந்தது. இருவருமே பிழைக்கவில்லை.

பெரியவர் அவருக்கு உறவுமில்லை, சாதிசனமுமில்லை. படியில் பார்த்தால் சிரித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஓடிப்போக அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

என் மகளை யாராவது, “யாரூட்டுப் புள்ள?” என்று கேட்டால், “சரசக்கா தூக்கியாந்த புள்ளைங்க” என்றுதான் சொல்வேன்.