நாயைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள்

கால்நடை மருத்துவத்தில் ஒரு சிரமம் உண்டு: நோயாளி வாய் திறக்காது, கூட வந்தவர் வாயை மூட மாட்டார். ராமநாதபுரத்தில் பதினான்கு வருஷமாக நாய்களுக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்கள் நாய் வளர்ப்பவரோ, நாயைக் கண்டால் தெரு மாறிப் போகிறவரோ, பக்கத்து வீட்டு நாயால் தூக்கம் தொலைத்தவரோ, யாராக இருந்தாலும் என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

திமிர் பிடித்த வெள்ளையன்

ராமேஸ்வரத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் ஒருவர், ஆறு மாத ராஜபாளையம் குட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டி வந்தார். பால்வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு. "கூப்பிட்டா வாரதில்ல, அதட்டினாலும் அசையிறதில்ல. திமிரு டாக்டர். கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு" என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே வெள்ளையன் தூங்கிவிட்டான். அவன் தலைக்குப் பின்னால் எவர்சில்வர் தட்டைப் பிடித்துக் கரண்டியால் ஓங்கித் தட்டினேன். லாட்ஜ்காரர் துள்ளினார். நாய் கண் திறக்கவில்லை.

அந்த இனத்தில் முழு வெள்ளையாகப் பிறக்கும் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. தரையைத் தட்டினால் அதிர்வில் திரும்பும், கைஜாடை காட்டினால் கற்றுக்கொள்ளும் என்று விளக்கினேன். அவர் முகம் மெல்லத் தெளிந்தது. "அப்ப நான் இத்தனை நாளா திட்டின கெட்ட வார்த்தை எதுவும் அது காதுல விழுகலையா? நல்லவேளை டாக்டர், இனிமே அது மூஞ்சியில முழிக்கலாம்!"

ஒரே பிரசவம், பல தகப்பன்

தங்கச்சிமடம் சூசை அண்ணனுடைய ராணி, சுத்தமான சிப்பிப்பாறை. பக்கத்துத் தெரு ஆரோக்கியத்தின் சிப்பிப்பாறை ஆண் நாயோடு சேர்த்தார். ஆறு குட்டிகள் பிறந்தன. ரெண்டு மாதத்தில் நாலு குட்டிகள் ஒட்டின வயிறும் நீளக் காலுமாக அப்பனை உரித்து வைத்திருந்தன. ஐந்தாவது கறுப்பு வெள்ளை. ஆறாவதுக்குக் கால் குட்டை, உடம்பெல்லாம் சடை. உன் நாய் கலப்பு என்றார் சூசை. நீ குட்டியை மாற்றிவிட்டாய் என்றார் ஆரோக்கியம். ரெண்டு குடும்பமும் கோவிலில் பார்த்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டன.

கடைசியில் குட்டிகள் இருந்த கூடையோடு ரெண்டு பேரும் என்னிடம் பஞ்சாயத்துக்கு வந்தார்கள். ஒரே பருவத்தில் பெட்டை நாய் பல நாய்களோடு சேர்ந்தால், ஒரே பிரசவத்துக் குட்டிகளுக்கு வேறு வேறு தகப்பன் இருக்கலாம் என்றேன். ஆரோக்கியம் சூசை அண்ணனின் தோளில் கை வைத்தார். சூசை அண்ணன் கூடையைத் துண்டால் மூடினார். "டாக்டரம்மா, இதை எங்க பங்குச் சாமியார் காதுல மட்டும் போட்டுறாதீக. ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல ராணி பேரு வந்துரும்."

குற்றவாளியின் முகம்

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர். முகத்தைப் பார்த்தே திருடனைக் கண்டுபிடித்துப் பழகியவர். வீட்டில் கருவாடு காணாமல்போகும்போதெல்லாம் அவருடைய நாய் மணி காதை மடக்கி, தலையைத் தொங்கப்போட்டுக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறதாம். "இப்ப எதுவும் காணோம். சும்மா அதட்டுங்க சார்" என்றேன். அதட்டினார். மணி அதே முகத்தை வைத்தது. அது குற்ற உணர்ச்சி இல்லை, உங்கள் கோபத்தைப் பார்த்து வருகிற பயம் என்றேன்.

ஊசிக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்த என் உதவியாளர் கீழக்கரை ஜெய்னம்பு அக்கா நிமிர்ந்தார். "நீங்க சத்தம் போடும்போது நானும் இதே மூஞ்சியத்தான் வைக்கிறேன் டாக்டர். அன்னைக்கு என்னையத் திட்டினீங்களே, அந்த மருந்துப் பாட்டில உடைச்சது நீங்கதானே?"

டைகரின் மூக்கு

திருப்பாலைக்குடி முனியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். கணவர் நம்புவேல் கடலுக்குப் போகிறவர், சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்பவர். சில நாட்களாகக் காலையில் அவர் வலை பின்ன உட்கார்ந்தால், டைகர் மேலே ஏறி முகத்தை நக்கிக் குரைக்கிறதாம். "வெறி புடிச்சிருச்சு. ஊசி போட்டு முடிச்சு விட்டுருங்க" என்றார். டைகர் தண்ணீர் குடித்தது, சோறு தின்றது, தடுப்பூசியும் போட்டிருந்தது. இருந்தாலும் பத்து நாள் தனியாகக் கட்டிவைத்துப் பார்க்கச் சொன்னேன்.

நான்காம் நாள் காலை டைகர் கயிற்றை அறுக்கப் பார்த்து ஊளையிட்டிருக்கிறது. முனியம்மாள் ஓடிப்போய்ப் பார்த்தால், நம்புவேல் வேர்வையில் நனைந்து, நாக்குக் குழறி, வலை மேல் சாய்ந்து கிடந்திருக்கிறார். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாததால் சர்க்கரை இறங்கிவிட்டது. சீனித் தண்ணீர் கொடுத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய்ப் பிழைக்க வைத்தார்கள். சர்க்கரை இறங்கும்போது மனிதனின் வாசனை மாறுகிறது. எல்லா நாயும் இல்லை, சில நாய்கள் அதைக் கண்டுகொள்கின்றன. படித்திருந்தும் எனக்கு அது தோன்றவில்லை. கட்டிப்போடச் சொன்னவள் நான்தான். அடுத்த வாரம் டைகரையும் கூட்டிக்கொண்டு ரெண்டு பேரும் வந்தபோது நான் தலை குனிந்தே நின்றேன். முனியம்மாளுக்கு வருத்தம் வேறு. "ஊசி போட்டா ஒடனே சாப்புடுங்கன்னு பத்து வருஷமா நானுந்தான் கத்துறேன். இப்ப நாய் ஒரு தடவ குரைச்சதும் தட்ட எடுத்துக்கிட்டு உக்காருறாரு டாக்டர்!"

இத்தனை வருஷத்தில் நாய்கள் என்னைக் கடித்தது மூன்றே தடவை. மூன்று தடவையும் சங்கிலியைப் பிடித்திருந்தவர், "இது யாரையும் ஒண்ணும் செய்யாது டாக்டர்" என்று சொல்லி முடித்திருக்கவில்லை.