சமையல்கட்டு வால்வு

ஓயாமல் பழுது பார்த்துக்கொண்டே இருக்கும் வீட்டில் ஒரு மனிதன் எப்போதுதான் குடியிருக்கிறான்? கிரீஸ் மாமாவைப் பார்த்த யாருக்கும் ஒரு தடவையாவது இந்தக் கேள்வி வந்திருக்கும். அவருடைய வீடு ஒரு பாய்மரப் படகு. காலையில் கண் விழித்தால் அதில் எங்காவது ஒழுகும், அல்லது உரசும், அல்லது நேற்றுவரை கேட்காத ஒரு சத்தம் கேட்கும். கையில் டீயோடு அதைத் தேடிப் போவார். கண்டுபிடிப்பதற்குள் டீ ஆறிவிடும். ஆறிய டீயைக் குடித்துப் பழகி, சூடாகக் கொடுத்தால் முகம் சுளிக்கும் ஆளாகிவிட்டார் என்று அவர் மனைவி சொல்வார்.

கிரீஸ் மாமா என்பது படகுத்துறையில் வைத்த பெயர். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாது. படகுக்கு வருமுன் அவர் லிஃப்ட் மெக்கானிக். மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். துறையில் இருந்த எங்களுக்கு மட்டுமல்ல, மாமாவுக்கும் அவர் டீச்சர்தான். இருவரும் ஓய்வு பெற்றதும் ஒரு பழைய படகை வாங்கி அதிலேயே குடியேறினார்கள்.

"இத்தனை வருஷம் மேலயும் கீழயும் போய்ட்டு வந்தாச்சு. மிச்சத்துக்குப் பக்கவாட்டுல போலாம்னுதான்," என்பார் கேட்பவர்களிடம்.

"லிஃப்ட்ல மாட்டினவங்களை எல்லாம் வெளிய எடுத்துவிட்டார். என்னை மட்டும் உள்ள வெச்சுப் பூட்டிட்டார்," என்பார் டீச்சர்.

துறை துறையாகப் போவதுதான் அவர்கள் வாழ்க்கை. கேட்கச் சுகமாக இருக்கும். உண்மையில் ஒரு நாள் பாய் விரித்தால் ஒரு வாரம் பழுது பார்க்க வேண்டும். உப்பு எதையும் விட்டுவைப்பதில்லை. கதவின் கீல் இறுகும், கம்பி துருப்பிடிக்கும், பாயின் தையல் வெயிலில் நைந்துபோகும். நீருக்கு அடியில் சிப்பி ஒட்டிப் படகு கனத்துப்போகும். மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கிச் சுரண்ட வேண்டும். எஞ்சினும் பாய்மரமும் மாமாவின் பொறுப்பு. தையல், வரைபடம், வானிலை, வால்வுகள் டீச்சரின் பொறுப்பு.

வால்வுகளைப் பற்றிச் சொல்லாமல் இவர்கள் கதையைச் சொல்ல முடியாது. படகின் அடியில், நீர்மட்டத்துக்குக் கீழே, சில துளைகள் உண்டு. கழிப்பறைக்கு ஒன்று, எஞ்சினைக் குளிர்விக்க ஒன்று, பாத்திரம் கழுவும் தொட்டியின் தண்ணீர் வெளியேற ஒன்று. ஒவ்வொன்றுக்கும் கைப்பிடி வைத்த ஒரு வால்வு. பக்கத்திலேயே கயிற்றில் கட்டிய ஒரு மர முளை, வால்வு உடைந்தால் அடித்து அடைப்பதற்கு. படகு நிமிர்ந்து நிற்கும்போது சமையல்கட்டு வால்வு திறந்திருந்தால் ஒன்றும் ஆகாது. பாய் விரித்துச் சாய்ந்து ஓடும்போது அந்தத் தொட்டி கடல்மட்டத்துக்குக் கீழே போய்விடும். வெளியே போக வேண்டிய குழாய் வழியாகக் கடல் உள்ளே ஏறிவரும். அதனால் கிளம்பும் முன் அதை மூடியே ஆக வேண்டும்.

இதற்கு டீச்சர் வகுப்பறை பாணியில் ஒரு சட்டம் வைத்திருந்தார். அவர் மூடிவிட்டு "மூடியாச்சு" என்பார். மாமா கீழே இறங்கி வந்து, கைப்பிடியைத் தொட்டுப் பார்த்து, "மூடியாச்சு" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் நங்கூரம் எடுக்கலாம். ஆரம்பத்தில் மாமா மேலே நின்றபடியே பதில் சொல்லி மாட்டிக்கொண்டிருக்கிறார்.

"வாயால மூடுற வால்வு எங்கயும் விக்கறதில்லை. கையை வெச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க."

"சரிங்க டீச்சர்."

சில வருஷங்கள் அப்படித்தான் நடந்தது. டீச்சர் ஒருமுறைகூடத் தப்பு செய்யாததால் மாமாவின் கை மெதுவாக வருவதை நிறுத்திக்கொண்டது. நங்கூரச் சங்கிலியின் பக்கத்தில் நின்றபடியே குரல் கொடுப்பார். டீச்சரும் கண்டுகொள்வதை விட்டுவிட்டார். கீழே ஒரு "மூடியாச்சு", மேலே ஒரு "மூடியாச்சு". அந்த இரண்டு குரலும் கேட்டால் அவர்கள் கிளம்புகிறார்கள் என்று பக்கத்துப் படகுகளுக்குத் தெரியும். ஒரு செயலுக்குச் சாட்சியாக வந்த சொல், நாளாவட்டத்தில் அந்தச் செயலின் நாற்காலியில் தானே உட்கார்ந்துகொள்கிறது. தம்பதிகளுக்குள் இது நிறைய நடக்கும். பெரும்பாலும் யாரும் முழுகுவதில்லை என்பதால் தெரிவதில்லை.

அன்று நல்ல காற்று. இரண்டு குரலும் கேட்டன. படகு சாய்ந்து பறந்தது. டீச்சர் தொப்பியோடு மேலே வந்து உட்கார்ந்து, வெகுநாளைக்குப் பிறகு பாட்டு முணுமுணுத்தார். கயிறு வெட்டக் கத்தி எடுக்க இறங்கிய மாமாவின் கால் கணுக்கால்வரை தண்ணீரில் இறங்கியது. தையல் பை மிதந்து வந்து அவர் முழங்காலில் முட்டியது. அவர் திறந்துகிடந்த சமையல்கட்டு வால்வை மூடிவிட்டுக் கைப்பம்பை அடிக்க ஆரம்பித்தார். டீச்சர் படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் மூடினேனே," என்றார்.

"நீ மூடினே. நான்தான் அப்புறம் பாத்திரம் கழுவத் திறந்தேன். மறந்துட்டேன்."

டீச்சர் குனிந்து தையல் பையைத் தண்ணீரிலிருந்து எடுத்தார். "கல்யாணம் ஆன நாள்ல இருந்து என்னைக்காவது நீங்க பாத்திரம் கழுவியிருக்கீங்களா?"

மாமா சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை.

பிறகு ஒவ்வொன்றாக மாமாவின் கண்ணில் பட்டது. தைத்த தையலின் மேலேயே டீச்சர் மறுபடி தைத்துக்கொண்டிருந்தார். வரைபடத்தை விரித்துவைத்து, தாங்கள் எந்தத் துறையில் நிற்கிறோம் என்று விரலால் தேடினார். கீழிருந்து "மூடியாச்சு" கேட்டதும், டீச்சர் மேலே வரும்வரை மாமா காத்திருந்து, சத்தமில்லாமல் இறங்கிப் போய்க் கையை வைத்துப் பார்த்தார். சில நாள் மூடியிருந்தது. சில நாள் இல்லை. ஒரு நாள் திரும்பினால் பின்னால் டீச்சர் நின்றிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"உன் சட்டம்தானே டீச்சர். கை வெச்சுப் பாக்கணும்னு."

"இத்தனை வருஷம் வெச்சுப் பாக்கலை. இப்ப ஏன் பாக்கறீங்க?"

மாமா கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார். அன்று அவர்கள் கிளம்பவில்லை. காற்று நன்றாகத்தான் இருந்தது.

மகள் வந்தாள். கடலை விட்டுத் தள்ளி ஒரு ஊரில் மாடி வீடு, ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை வேலை. அம்மாவைத் தனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவரிடம் காட்டினாள். டாக்டர் சொன்னதை மாமா ஏற்கெனவே வால்வின் கைப்பிடியில் தெரிந்துகொண்டிருந்தார். மகள் அம்மாவைத் தன்னோடு கூட்டிப்போனாள். "தண்ணி மேல இவங்களை வெச்சுக்கிட்டு எப்படிப்பா?" என்றாள். மாமா துணிப்பையைத் தூக்கிக்கொண்டு பஸ்வரை போனார்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. மகள் போனில் அழுதாள்.

"சாயங்காலம் ஆனா குழாய், கேஸ், ஜன்னல் எல்லாத்தையும் திருகிப் பாக்கறாங்கப்பா. அப்புறம் சுவரைப் பாத்து 'மூடியாச்சு'ங்கறாங்க. அப்படியே நின்னுட்டே இருக்காங்க. நான் பதில் சொன்னா, 'நீ யாரும்மா நடுவுல'ங்கறாங்க. படுக்கவே மாட்டேங்குறாங்க."

"கூட்டிட்டு வந்துடு."

"ஓட்டை போட்ட படகுலயா? முழுகவே முழுகாதுன்னு சொல்லுங்க, கூட்டிட்டு வரேன்."

"எல்லா ஓட்டையையும் அடைச்சிடறேன். போதுமா? இனிமே பாய் விரிக்க மாட்டேன். கட்டின இடத்துலயே கிடக்கும்."

"சத்தியமா?"

"ம்."

அந்த வாரமே படகைக் கரையேற்றினார். படகுப் பட்டறைக்காரர் எஞ்சின் துளையில் ஆரம்பித்தார். வால்வைக் கழற்றி, சுற்றிலும் தேய்த்து, நார்த்துணியைப் பசையில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டினார். அந்தத் துளை போனால் எஞ்சின் ஓடாது. எஞ்சினைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டவர் மாமா.

"மாமா, படகை டப்பாவா மாத்தறீங்க," என்றார் பட்டறைக்காரர்.

"டப்பாதான்டா முழுகாது. ஒட்டு."

கழிப்பறைத் துளையும் அடைபட்டது. கடைசியாகப் பட்டறைக்காரர் நனைத்த துணியோடு சமையல்கட்டுப் பக்கம் வந்தபோது மாமா அந்த வால்வைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அது இருக்கட்டும்."

"இதுலதானே மாமா அன்னைக்குத் தண்ணி ஏறினது?"

"இருக்கட்டும்னேன்ல. துணியைக் கீழ போடு, கையோட ஒட்டிக்கப்போவுது."

புது கிரீஸ் தடவி வால்வைத் திரும்ப மாட்டினார். கைப்பிடியைச் சுலபமாகத் திரும்பும்படி செய்தார். முளையைப் புதிதாகச் செதுக்கிப் புதுக் கயிற்றில் கட்டினார். படகு மறுபடி தண்ணீரில் இறங்கியதும் மகளிடம் எல்லாம் அடைத்தாயிற்று என்றார்.

டீச்சர் திரும்பி வந்த பிறகு படகு எங்கும் போகவில்லை. சாயங்காலம் டீச்சர் சமையல்கட்டில் குனிவார். "மூடியாச்சு" என்று கேட்கும். மாமா எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு இறங்கிப் போவார். கையை வைப்பார். திறந்திருந்தால் திருப்பி மூடுவார், டீச்சர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. பிறகு, "மூடியாச்சு." அதற்கு அப்புறம் டீச்சர் படுத்துக்கொள்வார். காலையில் மாமா அதை மறுபடி திறந்துவைப்பார். டீச்சருக்கு மாமாவின் பெயர் மறந்துபோன பிறகும் இது நடந்தது. ஆளைத் தெரியவில்லை, குரல் தெரிந்தது. இதை அன்பு என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். மகளிடம் பொய் சொன்ன ஒருவரைப் பாராட்ட எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அந்தக் குழாய் ஒரு நாள் வெடித்திருந்தால் இதை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

அடுத்த வருஷம் மழை முடியும் சமயத்தில் காய்ச்சல் வந்து டீச்சர் ஆஸ்பத்திரியில் இறந்தார். கடைசி இரண்டு நாளும் அங்கே மூடுவதற்கு ஒன்றும் இல்லாமல் போர்வையின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தார் என்று மகள் சொன்னாள். மாமா கட்டிலின் பக்கத்தில் நின்று, கேட்கிறதோ இல்லையோ, "மூடியாச்சு, மூடியாச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை.

எல்லாம் முடிந்து மகள் படகுக்கு வந்தாள். டம்ளரைக் கழுவித் தண்ணீரைத் தொட்டியில் கொட்டினாள். அது சுழன்று இறங்கிப் போயிற்று. எங்கே போகிறது என்று குனிந்து பார்த்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

"இதை அடைக்கவே இல்லையா நீங்க?"

மாமா அவள் கழுவிய டம்ளரை எடுத்துத் துடைத்தார்.

"அம்மா ஒரு வருஷம் இது மேல படுத்திருந்தாங்க. சத்தியம் பண்ணீங்களே!"

"பண்ணினேன்."

"ஏம்ப்பா?"

அவர் கை துடைக்கும் துணியை மடித்து மடித்து உள்ளங்கை அளவுக்குக் கொண்டுவந்தார். மகள் அழுதுவிட்டு, முகம் கழுவி, பட்டறைக்காரரிடம் தானே பேசி ஏற்பாடு செய்துவிட்டுப் போனாள். தனியாக இருக்கும் மனுஷனுக்கு அந்த ஓட்டை எதற்கு என்றாள். அவள் கேட்டது நியாயம்தான்.

பட்டறைக்காரர் பசையும் துணியும் எடுத்துக்கொண்டு வந்தார். மாமா அவரை உட்காரவைத்து டீ கொடுத்தார், எஞ்சின் துளையைத் திறந்து தரட்டுமா என்று பட்டறைக்காரர் கேட்டதற்கு வேண்டாம் என்றார், சமையல்கட்டு வால்வையும் தொட விடாமல் அனுப்பிவைத்தார்.