மூன்றாவது சிலிண்டரின் எண்

பறக்காத விமானத்தைப் பார்க்க அப்பா ஏன் சனிக்கிழமைகளில் போகிறார் என்று நீங்கள் கேட்டீர்கள். அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. எழுதினால் ஒழுங்காக வரும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் விமான மாமா என்று கூப்பிடும் அண்ணை எங்களுக்குச் சொந்தக்காரர் இல்லை. டார்ம்ஸ்டாட்டில் பாரம் தூக்கும் வண்டிகள் திருத்தும் வேலைக்கு நான் சேர்ந்த காலத்தில் பழக்கமானவர். அவருக்கு வீடுகளுக்கு வயரிங் செய்கிற வேலை. ஊருக்கு வெளியே இருக்கும் புல் ஓடுபாதைக்குப் பக்கத்தில், ஒரு கொட்டகையின் மூலையில், இரண்டு பேர் இருக்கக்கூடிய சின்ன விமானம் ஒன்றை அவர் தன் கையாலேயே பாகம் பாகமாகப் பூட்டினார். விமானம் ஓட்டும் அனுமதி அவரிடம் முன்பே இருந்தது. வயர் இழுக்கிற நேரம் வந்தபோது, பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்.

இறக்கை பூட்டியாயிற்று, எஞ்சினும் ஓடியது. மிஞ்சியிருந்தது ஒரேயொரு வில்லங்கம். எஞ்சினின் சூடு, எண்ணெய் அழுத்தம் எல்லாவற்றையும் காட்டுகிற மொனிட்டர் ஒன்று ஓட்டுபவருக்கு முன்னால் இருக்கும். இறக்கை நுனியில் மின்னும் லைற்றைப் போட்டால், அந்த மொனிட்டரில் மூன்றாவது சிலிண்டரின் சூட்டைக் காட்டும் எண் மேலே துள்ளும். றேடியோவில் பேசினால் எல்லா எண்களும் துள்ளும். அவ்வளவு சூடு உண்மையாக இருந்தால் எஞ்சின் உருகி வழிந்திருக்கும். எஞ்சினோ நல்லபிள்ளை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

பொய் எண் காட்டுகிற விமானத்துக்குக் கையெழுத்து வைக்க முடியாது என்று, கையால் செய்த விமானங்களைப் பார்த்துப் பறக்க அனுமதி தரும் பரிசோதகர் சொல்லிவிட்டார். அவர் ஜெர்மன்காரர், பொறுமையான மனிதர். சொன்னது நியாயம்தான்.

ஆனால் அண்ணைக்கு அவசரம் இருந்தது. விமானம் ஓட்டுபவர்கள் குறித்த காலத்துக்கு ஒருமுறை அதற்கென்று உள்ள டொக்டரிடம் உடம்பைக் காட்ட வேண்டும். போன முறை அந்த டொக்டர் அவருடைய நெஞ்சில் குழாயை வைத்து வழமையைவிட அதிக நேரம் கேட்டாராம். அடுத்த முறை விபரமாகப் பார்ப்போம் என்றாராம். அந்த அடுத்த முறை இலையுதிர் காலத்தில் வந்தது. அதற்குள் தான் செய்த விமானத்தைத் தானே ஓட்டி ஒரு தடவை மேலே போய் வரவேண்டும் என்பதுதான் அவர் ஆசை. வேறு ஆசை எதையும் அவர் என்னிடம் சொன்னதில்லை.

"ஏர்த் காணாது தம்பி. ஏர்த் வடிவாக் குடுத்தா ஒண்டும் வராது" என்றார்.

அவருடைய தொழிலில் அது சரி. வீட்டில் இரும்பென்று எதைக் கண்டாலும், கசியும் மின்சாரம் நிலத்துக்குப் போக மஞ்சள் பச்சை வயரைக் கொண்டுபோய்ப் பூட்டுவார்கள். அதே பழக்கத்தில் நாங்கள் இளவேனில் முழுக்க, சூடு அளக்கிற ஒவ்வொரு வயரின் உலோக உறையையும் இரண்டு முனையிலும் எஞ்சினோடு பூட்டினோம். பூட்டப் பூட்டத் துள்ளல் கூடியது. அண்ணை இன்னும் ஒன்று பூட்டச் சொன்னார்.

பரிசோதகர் வந்து குனிந்து பார்த்தார். விமானத்தில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில்தான் சேர்க்க வேண்டும், பல இடத்தில் பூட்டினால் லைற்றுக்குப் போகிற மின்சாரம் அளக்கிற வயர்களுக்குள்ளாலும் வழி தேடும் என்று விளங்கப்படுத்தினார். அவர் போன பிறகு அண்ணைக்கு முகம் சரியில்லை.

"இவ்வளவு வருசத்தில நான் ஒரு வீட்டையும் எரிக்கேல்லை."

"இது வீடில்லைத்தானே அண்ணை."

"ஓம். வீடெண்டா கரைச்சல் இல்லை. ஆடாமல் நிக்கும்."

பூட்டிய எல்லாவற்றையும் கழற்றினோம். றேடியோத் துள்ளல் நின்றது. அன்று அவர் எனக்குக் கடையில் கேக் வாங்கித் தந்தார். மூன்றாவது சிலிண்டர் மட்டும் துள்ளிக்கொண்டே இருந்தது. அதன் சூடு அளக்கும் முனையை நாலாவதுக்கு மாற்றிப் பார்த்தோம். துள்ளல் முனையோடு போகவில்லை, மூன்றாவதிலேயே இருந்தது. வயரை மாற்றினோம். மொனிட்டருக்குத் தனிப் பற்றரி கொடுத்தோம். லைற்றின் வயரை மறுபக்கத்தால் கொண்டுபோனோம். மொனிட்டரைக் கழற்றிச் செய்தவர்களுக்கே அனுப்பினோம். பழுது இல்லை என்று திரும்பி வந்தது. கோடை அப்படியே போய்விட்டது.

டொக்டரிடம் போன அன்று பின்னேரம் அண்ணை எனக்குப் போன் எடுத்தார். நான் வேலைத்தலத்தில் ஒரு வண்டிக்குக் கீழே படுத்திருந்தேன்.

"தம்பி, ஷ்டோருங் இருக்காம்" என்றார்.

கோளாறு என்பதற்கு ஜெர்மன்காரர், ரயில் பிந்தினாலும் இன்டர்நெற் நின்றாலும், இந்தச் சொல்லைத்தான் சொல்வார்கள். அந்த வருடம் முழுக்க எங்கள் இரண்டு பேர் வாயிலும் அது மொனிட்டரின் பெயராகவே இருந்தது. பரிசோதகர்தான் ஏதோ சொல்லியிருக்கிறார் என்று நினைத்தேன்.

"அது தெரிஞ்சதுதானே அண்ணை. சனிக்கிழமை தடிச்ச உறை போட்ட கேபிள் கொண்டாறன். போட்டுப் பாப்பம்."

அவர் சிரித்தார்.

"இதுக்கு எங்கையடா கேபிள் போடுறது? நெஞ்சிலை. துடிக்கிறது ஒழுங்கில்லையாம். இனி ஓட்டேலாதாம்."

நான் வண்டிக்குக் கீழே இருந்து வெளியே வந்தேன். என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. வேறு டொக்டரிடம் காட்டுங்கோ என்று சொல்லியிருப்பேன். காட்டினார். அந்த டொக்டரும் அதே சொல்லைத்தான் சொன்னார்.

சனிக்கிழமை இரண்டு பேரும் கொட்டகைக்குப் போனோம். கேபிள் என் பையில் கிடந்தது. அண்ணை ஓட்டுபவரின் இருக்கையில் ஏறி இருந்தார், எஞ்சினைப் போடவில்லை.

"அடுத்த கிழமை பரிசோதகர் வந்து பாக்கிறதுக்கு டெர்மின் கிடக்கு. வேண்டாமெண்டு நீ சொல்லிவிடு."

"நீங்கள் சொன்னால்தானே அண்ணை மரியாதை. உங்கடை ஜெர்மன் நல்லது."

"அதுதான் கரைச்சல். நான் கதைச்சா ஏன் எதுக்கெண்டு கேப்பார். நீ கதைச்சா ஒருத்தரும் இரண்டாம் கேள்வி கேக்க மாட்டினம்."

சிரிப்பு வந்தது, சிரித்தோம். அவர் இறங்கும்போது இறக்கையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். முன்பு அப்படிப் பிடித்ததில்லை.

பிள்ளைகளே, விடாமல் செய்தால் எதுவும் சரிவரும் என்று உங்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். கணக்குப் பாடத்துக்கும் நீச்சலுக்கும் அது சரிவந்தது. இதற்கு வரவில்லை. நாங்கள் விடாமல்தான் செய்தோம்.

கொட்டகை வாசலில் நின்று பரிசோதகருக்குப் போன் எடுத்தேன். வரவேண்டாம் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. எண் இன்னும் துள்ளுகிறதா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியென்றால் மின்சாரத்தைச் சீராக்கும் பெட்டியை வேறு இடத்துக்கு மாற்றிப் பாருங்கள், பலருக்கு அதில்தான் சரிவந்தது, அவசரமில்லை, உங்கள் நண்பரிடம் மனம் தளர வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றார். நன்றி சொல்லிப் போனை வைத்தேன்.

உள்ளே வந்து அவர் சொன்னதை அண்ணையிடம் சொன்னேன். அண்ணை அந்தப் பெட்டி இருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அதாத்தான் இருக்கும்" என்றார்.

பிறகு இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, விமானத்தின் மேல் துணியை இழுத்து மூடினோம். இப்போதும் சனிக்கிழமைகளில் போகிறோம். தேத்தண்ணி குடிக்கிறோம், மழை நீர் உள்ளே வந்தால் கூட்டித் தள்ளுகிறோம். பெட்டியை இன்னும் மாற்றிப் பார்க்கவில்லை.