பங்குனியில் அறுந்த இணைப்பு

“மார்ச் 1, 1993: இணைப்பு துண்டிக்கப்பட்டது.”

கணினிகளை இணைக்கும் எங்கள் ஸ்விட்ச்சின் பதிவில் அப்படித்தான் இருந்தது. அந்தத் தேதியில் நானும் பிறக்கவில்லை, என் தோழியும் பிறக்கவில்லை. நேரம் அமைக்காத அந்த வகை ஸ்விட்ச், மின்சாரம் போய் வந்தால் அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணத் தொடங்கும். நாங்கள் நேரத்தை அமைப்போம்; மரக்காணத்தில் கரண்ட் போகும்; மறுபடி தொண்ணூற்று மூன்று. பஸ் டிக்கெட்டின் பின்புறம்கூட என்ன வேலையாகப் போனேன் என்று குறித்து வைக்கிறவள் நான். அந்தப் பொய்த் தேதியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இருப்புக் கொள்ளாது.

கணினி வலையமைப்பு நிர்வாகத்தில் இளநிலைப் பட்டப் படிப்பின் கடைசி செமஸ்டர் அது. நானும் தோழியும் சேர்ந்து செய்த ப்ராஜெக்ட், மரக்காணத்து உப்பு வியாபாரி ஒருவரின் சாலையோர அலுவலகத்தையும் உப்புப் பாத்திகளுக்கு நடுவே இருந்த எடைக் கொட்டகையையும் கம்பியில்லாமல் இணைப்பது. அலுவலக மொட்டை மாடியில் ஓர் ஆன்டெனா, கொட்டகைக் கூரையில் இன்னொன்று. கொட்டகையில் போடும் எடை, உடனே அலுவலகக் கணினியில் தெரிய வேண்டும். சென்னையில் ஒரு நிறுவனம் என்னை வேலைக்கு எடுத்திருந்தது, அரியர் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. ப்ராஜெக்ட் ஓடாவிட்டால் அது அரியர்தான்.

மாசி முழுக்க ஓடியது. பங்குனியில் அறுந்து அறுந்து வந்தது. சித்திரை பிறந்ததும் நின்றே போனது.

அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டது தோழியின் சித்தப்பா. காலையில் எங்கள் தலையைக் கண்டதும் ஆரம்பிப்பார்.

“இன்னாம்மா, உங்க நெட்டு இன்னிக்கி லீவா?”

என் ஊரான பிரம்மதேசத்திலிருந்து தினமும் முதல் பஸ் பிடித்து வந்தேன். கேபிள் முனைகளில் உப்புக்காற்று பட்டுப் பச்சை பிடித்திருந்தது. வெட்டிப் புதிதாகப் போட்டோம். அமைப்புகளை அழித்துத் திரும்ப எழுதினோம். கொட்டகை பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் லேப்டாப்பில் ஓடிக்கொண்டே இருக்கும். பதில் இல்லை, பதில் இல்லை என்று வரி வரியாக ஏறும். நான் மாடியில் குறுக்கும் நெடுக்கும் நடப்பேன்.

“ஏய், ஒக்காருடி. நீ நடந்தா பிங் வந்துருமா?” என்றாள் தோழி.

“வரும்போது வரட்டும்னு இருக்க முடியலடி.”

“அப்ப இறங்கி கொட்டகை வரைக்கும் நட. ஒடம்பாவது எளைக்கும்.”

ரிப்போர்ட்டில் ஒட்டுவதற்காக, கார்த்திகையில் எடுத்த படத்தைத் தேடிக்கொண்டிருந்தோம். இரண்டு ஆன்டெனாக்களுக்கும் நடுவே மறைப்பு எதுவும் இல்லை என்று காட்டுவதற்காக இதே மாடியில் நின்று எடுத்த படம். பாத்திகள் மழைத் தண்ணீரில் ஒரே ஏரியாகக் கிடக்கின்றன. தூரத்தில் கொட்டகையின் நீலக் கதவு. படம் கிடைத்ததும், எதிரே தெரிந்ததோடு ஒப்பிடத் தோழி செல்போனை நீட்டிப் பிடித்தாள். பிறகு மெல்லக் கீழே இறக்கினாள்.

“கதவு எங்கடி?”

கதவு இல்லை. கொட்டகையே தெரியவில்லை. அது இருந்த இடத்துக்கு முன்னால், கீற்று வேய்ந்த உப்பு அம்பாரம் ஒன்று நின்றது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்த அம்பாரம். நாங்கள் மாடிக்கு வந்த நாளெல்லாம் லேப்டாப்பைத்தான் பார்த்தோம். மரம், கட்டடம், கரண்ட் கம்பம் என்று புத்தகம் சொன்ன மறைப்புகளை எல்லாம் எழுதியிருந்தோம். உப்பு விளையாத மாதத்தில் அளந்துவிட்டு, விளையும் மாதத்துக்கு இணைப்புக் கொடுத்திருந்தோம்.

“பொறந்ததுலேர்ந்து அம்பாரத்தப் பாக்குறேன்,” என்று தலையில் அடித்துக்கொண்டாள். “அத யாருடி பாப்பாங்க!”

சித்தப்பாவிடம் ஓடினோம். “அந்த ஒரு அம்பாரத்த மட்டும் மொதல்ல லாரில ஏத்தச் சொல்லு சித்தப்பா.”

“உங்க பரீட்சைக்கு நான் உப்பு விக்கணுமா? வெல ஏறட்டும்னு மொதலாளி வெச்சிருக்காரு. அதத் தொட்டா என்னையும் சேத்து ஏத்தி அனுப்பிடுவாரு.”

சென்னையிலிருந்து வரும் வெளித் தேர்வாளர், கல்லூரிக்குப் போகிற வழியில் நேரிலேயே பார்த்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். அவர் வருவதற்கு முந்தைய மாலை, வெல்டரைப் பிடித்து மாடிக் கம்பத்துக்கு மேல் இன்னொரு குழாயைப் பற்றவைத்து ஆன்டெனாவை உயர்த்தினோம். கடைசிப் பொறி விழுந்ததும் கரண்ட் போனது. இரவு முழுக்க வரவில்லை. சோதிக்காமலே வீட்டுக்குப் போனேன். அம்மா போட்ட சோறு தட்டில் அப்படியே கிடந்தது.

விடிந்து வந்து மாடி ஏறினால், பிங்குக்குப் பதில் வந்துகொண்டிருந்தது. தோழி என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். அவள் தோளுக்கு மேலாக நான் பாத்திப் பக்கம் பார்த்தேன். அம்பாரத்தின் உச்சி இல்லை. விடியற்காலையில் முதலாளிக்குத் திடீரென்று ஒரு லாரி லோடு கேட்டு வந்ததாம்.

தேர்வாளர் எடையைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார், தலையசைத்தார். பிறகு கேட்டார்: “நடுவுல நின்னு போச்சுன்னு எழுதியிருக்கீங்க. எத மாத்தினதால சரியாச்சு?”

மேசைக்கு அடியில் தோழி என் காலை மிதித்தாள். கம்பம் என்று சொல் என்பது அதன் பொருள். இணைப்பு எத்தனை மணிக்கு வந்தது என்று தெரிந்தால் போதும். லாரிக்கு முன்பா பின்பா என்று சொல்லிவிடலாம். பதிவைத் திறந்தேன். மார்ச் 1, 1993.

“கம்பத்த ஒசத்தினோம் சார். காலையில அம்பாரமும் கொறைஞ்சிருக்கு. எதனாலன்னு எனக்குத் தெரியல.”

அவர் ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். “தெரியாதத தெரியலன்னு ரிப்போர்ட்ல எழுதிடுங்க,” என்று கையெழுத்துப் போட்டார்.

படியிறங்கும்போது தோழி பொருமினாள். “அரிச்சந்திரன் வீட்டுப் பொண்ணு! ஒரு வார்த்த கம்பம்னு சொன்னா வாயில முத்தா உதிரும்?”

இருவரும் தேறினோம். நான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தேன். அம்பாரம் மறுபடி உயரும் பங்குனியில் வந்து சோதிப்பதாக இருந்தேன். அதற்குள் முதலாளி எடைக் கொட்டகையைச் சாலையோரத்துக்கே மாற்றிவிட்டார், ஆன்டெனாவுக்கு வேலையில்லை. அன்று காலை இணைப்பைத் திருப்பிக் கொடுத்தது உயர்த்திய கம்பமா, உப்பு ஏற்றிய லாரியா என்பது சரிபார்க்கப்படவில்லை.